வாத்தியத்தை எண்ணிப் பாரம்பரியத்தை அளக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கிராமிய மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் ரசிகர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு என்பதால் முதலில் நன்றி. ஆனால் ஃபிடில் (நம் வயலின்தான்), பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார் இருந்தால் பாரம்பரியம், டிரம் மெஷினும் ராப்பும் வந்தால் நவீனம் என்று கட்டுரை போட்டிருக்கும் கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அங்குள்ள ரசிகர்களும் இதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சண்டை பிடிக்கிறார்கள்.

2019இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டை, பாடல் தரவரிசை வெளியிடும் பில்போர்டு இதழ் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பாட்டைப் போட்டதும் முதலில் காதில் விழுவது பாஞ்சோ மாதிரியான மீட்டல்தான். நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பதிவிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு அது. வாத்தியத்தை எண்ணினால் பாட்டு கன்ட்ரிக்குள் வந்துவிடும், ஆனால் வெளியே போனது. மறுபக்கம், கறுப்பினப் பாப் பாடகி பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பத்தைப் பலர் அந்நியம் என்றார்கள். அதில் பாஞ்சோ வாசித்தவர் ரியானன் கிடென்ஸ், ஸ்டீல் வாசித்தவர் ராபர்ட் ராண்டால்ஃப். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. ராண்டால்ஃப் வந்ததோ, கறுப்பின மக்களின் தேவாலயங்களில் தலைமுறைகளாக ஸ்டீல் கிட்டார் வாசித்துவரும் மரபிலிருந்து. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி கிராண்ட் ஓல் ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர், ஹார்மோனிகா கலைஞர். அவரை 1941இல் வெளியேற்றினார்கள். கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏற 2005 வரை ஆனது. யார் பாரம்பரியம், யார் புதுவரவு என்று சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும்.

கட்டுரை பழமையின் அடையாளமாகக் காட்டும் பெடல் ஸ்டீல் கிட்டாரையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீல் கிட்டார் ஹவாயிலிருந்து வந்தது. மடியிலோ மேசையிலோ கிடத்தி, நம் கோட்டுவாத்தியம் போலவே, இடக்கையில் உள்ள உருளையைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பார்கள். காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் பெடலின் ஒலி கன்ட்ரிக்குள் பெரிதாக நுழைந்தது 1954இல், வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் வாசித்தபோது. கன்ட்ரியின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் பிரிஸ்டல் என்ற அமெரிக்க ஊரில் முதல் பதிவு செய்து அப்போது 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கணக்கில் பெடலும் புதுசுதான்.

அந்தப் பெடல் என்ன செய்கிறது? ‘ஈ நைன்’ என்ற சுருதி அமைப்பில் 10 தந்திகள் (ஈ, பி, சி ஷார்ப் எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). முதல் பெடலை மிதித்தால் 5, 10ஆம் தந்திகள் ‘பி’யிலிருந்து ‘சி ஷார்ப்’புக்கு இரண்டு அரைஸ்வரம் ஏறும். இரண்டாம் பெடல் 3, 6ஆம் தந்திகளை ‘ஜி ஷார்ப்’பிலிருந்து ‘ஏ’வுக்கு ஓர் அரைஸ்வரம் ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால், உருளை அசையாமலே ‘ஈ’ கார்டு (ஸ்வரக்கூட்டு) ‘ஏ’ கார்டாகிவிடும். சில தந்திகள் ஏற, மற்றவை நின்ற இடத்திலேயே நிற்பதால்தான் அந்த விம்மல் வருகிறது. ஐசக்ஸ் இதை ஒரே பெடலில் செய்தார். இரண்டாகப் பிரித்தவர் பட்டி எமன்ஸ் என்ற ஸ்டீல் கலைஞர். இதற்கு விலையும் உண்டு. மூன்றாம் தந்தி வழக்கமாக 0.011 அங்குலம்தான். ஒவ்வொரு மிதிக்கும் இழுபட்டு வளைவதால் அடிக்கடி அறுவது அதுதான்.

எந்த வாத்தியம் இருக்கிறது என்பதைவிட, அதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டீல் வாசிப்பவரின் வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். தந்தியை மீட்டி, ஒலி தேயத் தேயக் காலால் மெல்ல ஏற்றி அதை நீட்டுவார். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் இந்த நீட்டல் கேட்கும். அதனால்தான் நாஷ்வில்லில் பங்கு பிரித்துக்கொள்வார்கள்: முதல் சரணத்தின் இடைவெளிகள் ஸ்டீலுக்கு, அடுத்தது ஃபிடிலுக்கு. இப்போதைய பல பாடல்களில் டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிட்டார் ஆரம்பம் முதல் முடிவு வரை நிற்காமல் ஓடுகிறது. குரல், கிட்டார், ஸ்டீல் மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலி எல்லையில் இருப்பவை. ஒலிக்கலவையில் ஸ்டீல் இருக்கும், காதுக்கு எட்டாது. என் வருத்தம் இதில்தான். டிரம் மெஷின் இருந்தும் ஸ்டீலுக்கு வழிவிட்ட பாட்டு எனக்குக் கன்ட்ரி. பேருக்கு ஃபிடிலை வைத்து அதை அமுக்கிய பாட்டு அப்படி இல்லை.

ரசிகர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, கட்டுரை அதைத் தொடவில்லை. 2012 அக்டோபரில் பில்போர்டு ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ பட்டியலின் கணக்கை மாற்றியது. அதுவரை கன்ட்ரி வானொலி ஒலிபரப்பு மட்டும்தான் கணக்கு. பிறகு டிஜிட்டல் விற்பனை, ஸ்ட்ரீமிங், பாப் வானொலி எல்லாம் சேர்ந்தன. கன்ட்ரி நிலையங்கள் அதிகம் போடாத பாட்டும் முதலிடம் பிடிக்கலாம். வானொலியை மட்டும் பார்க்க ‘கன்ட்ரி ஏர்ப்ளே’ என்று தனிப் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

2025 ஜூனில் கிராமி, கன்ட்ரி ஆல்பம் விருதை நவீனம், பாரம்பரியம் என்று இரண்டாக்கியதைக் கட்டுரை வரவேற்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. பெரியவரை மரியாதையோடு பின்கட்டு அறைக்கு அனுப்புவது போலத்தான் படுகிறது. ரசிகர்களே இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். 1972இல் நாஷ்வில்லில் தொடங்கிய ‘ஃபேன் ஃபேர்’ திருவிழாவில் ரசிகர் மன்றங்கள் வரிசையாகக் கடை போட்டு உட்கார்ந்தன. மூத்தவர் கடையும் புதியவர் கடையும் ஒரே கூரையின் கீழ். 1996இல் பாடகர் கார்த் புரூக்ஸ் அங்கே 23 மணி நேரத்துக்கு மேல் நின்று கையெழுத்துப் போட்டார். அரங்க ராக் நிகழ்ச்சியைக் கன்ட்ரி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று மரபு விரும்பிகள் திட்டித் தீர்த்த அதே மனிதர்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடல்களைப் பரிந்துரைக்கும்போது பாடியவர் பெயரோடு ஸ்டீலும் ஃபிடிலும் வாசித்தவர்கள் பெயரையும், அவர்கள் பகுதி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் போடுங்கள். ஸ்டீல் கலைஞர் பால் ஃபிராங்க்ளின் வாசித்த பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
வாசகர்,
திருச்சி