நடுவரைத் திட்ட வேண்டாம், வளையத்துக்குக் கீழே போகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்டுத் திடலில் 15 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். தோட்டத்தில் விளையாட்டு என்றாலே காற்பந்துதான், அதுவும் பையன்களுக்குத்தான் என்று பழகிவிட்ட ஊர் எங்களுடையது. 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மலேசியப் பெண்கள் அணி கூடைப்பந்தில் தங்கம் வாங்கியது என்று சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தேன்.

போன மாதம் ஒரு போட்டியில் ஏழு புள்ளியில் தோற்றோம். ஆட்டம் முடிந்த கையோடு எங்கள் பெற்றோர் சிலர் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவங்களுக்கு மட்டும் ஃப்ரீ த்ரோவா அள்ளிக் குடுத்தீங்களே, எங்க பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒரே சத்தம். ஃப்ரீ த்ரோ என்றால், எதிராளி விதியை மீறித் தட்டினால் (அதுதான் ஃபவுல்), யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று வளையத்துக்கு எறியக் கிடைக்கிற வாய்ப்பு. பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நடுவர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எங்கிருந்து எறிந்தார்கள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவது என் பழக்கம். அன்றைக்கு எதிரணிக்கு 19 ஃப்ரீ த்ரோ, எங்களுக்கு 4. ஆனால் நாங்கள் எறிந்த 46 பந்துகளில் 38 தூரத்திலிருந்து எறிந்தவை. யாருமே கிட்ட வராத இடத்தில் நின்று எறிகிற பிள்ளையை யார் தட்டுவார்கள்? தட்டினால்தானே ஃபவுல், ஃபவுல் இருந்தால்தானே ஃப்ரீ த்ரோ! எதிரணிப் பிள்ளைகள் பந்தை எடுத்தால் நேரே வளையத்துக்குக் கீழே வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தடுமாறிக் கையைப் போட்டார்கள், நடுவர் ஊதினார்.

சரி, எங்கள் பிள்ளைகள் ஏன் உள்ளே போவதில்லை? பயம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் மழை விட்ட பிறகு திடலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வளையத்துக்கு நேர் கீழே சிமெண்டு பெயர்ந்து, ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குக் குழி. எங்கள் ஊரில் சாயங்கால மழைக்குக் குறைவில்லை. அந்தக் குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதில் கால் வைத்தால் வழுக்கும். அதனால் பிள்ளைகள் சின்ன வயசிலிருந்தே குழிக்கு ஐந்தடி முன்னாலேயே நின்று எறியப் பழகிவிட்டார்கள். நல்ல தரையில் விளையாடப் போனாலும் அந்தக் கால் அங்கேயேதான் நிற்கிறது. திடலைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் இரண்டு தடவை சொல்லியும் பலனில்லை. அப்புறம் நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை சிமெண்டு வாங்கிப் பூசிவிட்டோம். அன்றைக்கு நடுவரைத் திட்டிய அப்பாக்களில் இருவர்தான் மணலும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதம் மூலம் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது உள்ளே போகக் கற்றுக் கொடுக்கிறேன். இதில் பல பயிற்சியாளர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பந்தோடு வளையத்தை நோக்கி வருகிறாள், எதிராளியின் கை முழங்கையில் படுகிறது. உடனே எறிவதை நிறுத்திவிட்டு நடுவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் ஒரு ஃப்ரீ த்ரோ போய்விட்டது! எறியும் முயற்சியில் இருக்கும்போது தட்டினால்தான் அது ஷூட்டிங் ஃபவுல். பாதியில் விட்டுவிட்டால் நடுவருக்கு அது சாதாரண ஃபவுலாகத்தான் தெரியும், பந்தை வெளியிலிருந்து உள்ளே போடச் சொல்வார். கை பட்டாலும் விடாமல் பந்தை மேலே கொண்டுபோய் எறிந்தால், விழாவிட்டால் இரண்டு ஃப்ரீ த்ரோ. விழுந்துவிட்டால் அந்தப் புள்ளியோடு மேலும் ஒன்று. அதனால் பயிற்சியில் நானே ஒரு தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வருகிற பிள்ளையின் தோளில் இடிப்பேன். இடித்த பிறகும் பந்து வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பலகையில் பட வேண்டும். முதல் வாரம் எல்லாரும் சிரித்துக்கொண்டே விழுந்தார்கள். இப்போது என் கைதான் வலிக்கிறது.

உள்ளே போவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மோதுவதும் கிடையாது. எதிராளி முன்னாலேயே வந்து இரண்டு காலையும் ஊன்றி நம்மைப் பார்த்து நின்றுவிட்டால், அவள் நெஞ்சில் மோதுகிற ஃபவுல் நம்முடையது. பந்தும் போகும், நம் கணக்கில் ஒரு ஃபவுலும் ஏறும். அதற்குத்தான் பந்தோடு ஓடி வருகிற எங்கள் பிள்ளையை, மோதாமல் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றி நிற்கச் சொல்கிறேன். நின்றபடியே எறிவதுபோல் பந்தை ஒரு தூக்குத் தூக்கிக் காட்டினால், எதிராளி பத்தில் ஆறு தடவை குதித்துவிடுவாள். அவள் கீழே இறங்கும்போது நாம் மேலே போக வேண்டும். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை எடுத்த உடனே மறுபடி எழும்பினாலும் அப்படித்தான், எதிராளி நிற்கத் தயாராக இருக்க மாட்டாள்.

அடுத்தது சிவப்பு அடையாளம். சர்வதேச விதிப்படி ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றில்) ஓர் அணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால், புள்ளி எழுதுகிற மேசையில் அந்த அணியின் பக்கமாக ஒரு சிவப்பு அடையாளம் வைப்பார்கள். ஐந்தாவது ஃபவுலிலிருந்து, எறியாதபோது தட்டினாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஃபவுல் செய்த அணியின் கையிலேயே பந்து இருந்தால் மட்டும் அது கிடையாது. ஆக, குவார்ட்டர் தொடங்கிய முதல் மூன்று, நான்கு நிமிடத்தில் உள்ளே புகுந்து விளையாடினால் மிச்ச நேரம் முழுக்க அதன் பலன் கிடைக்கும். நாங்கள் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம். ஆரம்பத்தில் தூரத்திலிருந்து எறிந்துவிட்டு, தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே ஓடுவோம். நேரம் போய்விடும், அடையாளம் வராது. இப்போது பயிற்சியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குவளையை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். யார் முதலில் கவனித்து மற்றவர்களுக்குக் கத்துகிறாள் என்று பார்ப்பேன். எப்போதும் எங்கள் குட்டைப் பெண்தான் முதலில் பார்க்கிறாள்.

எதிரணியின் உயரமான பெண்ணைத் தேடிப் போகவும் சொல்கிறேன். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். முதல் பாதியிலேயே அவளுக்கு மூன்று ஏறிவிட்டால் அவர்களின் பயிற்சியாளரே அவளை உட்கார வைத்துவிடுவார்.

"தொட்டா உடனே விழுந்துரு, அப்பதான் குடுப்பாங்க" என்று ஓர் அப்பா தன் மகளுக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். தயவுசெய்து அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நடிப்பதற்கு முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்), எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-வில் பெரிய ஆட்டக்காரர்கள், எறியும்போது வேண்டுமென்றே எதிராளி மேல் சாய்ந்து ஃபவுல் வாங்குவதை வழக்கமாக்கியிருந்தார்கள். 2021-22 பருவத்திலிருந்து அதற்கு ஊதக் கூடாது என்று நடுவர்களிடம் சொல்லிவிட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 13 வயதுப் பிள்ளைக்கு நடிக்கக் கற்றுக் கொடுத்தால், உண்மையில் அடிபடும்போது அவளை யார் நம்புவார்கள்?

வாங்கினால் மட்டும் போதாது, போடவும் வேண்டும். என்பிஏ-வில் ஆடிய ஷாக்கில் ஓ'நீல் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்! அவருக்கு ஃப்ரீ த்ரோ சரியாக வராது, மொத்த வாழ்நாள் கணக்கு 52.7 விழுக்காடுதான். அதனால் எதிரணிகள் அவரை வேண்டுமென்றே பிடித்து ஃப்ரீ த்ரோ எறிய வைத்தன. அங்கே ஆடிய இன்னொருவர் வில்ட் சேம்பர்லினும் ஃப்ரீ த்ரோவில் கெட்டிக்காரர் கிடையாது. ஆனால் 1962 மார்ச் 2-இல் அவர் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32 எறிந்து 28 போட்டார். அது இல்லாமல் அந்த 100 வந்திருக்காது. எங்கள் பிள்ளைகள் களைத்த பிறகு எறிந்து பழக வேண்டும் என்று திடலைச் சுற்றி ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே இரண்டு எறியச் சொல்கிறேன். நடுவர் பந்தைக் கொடுத்த பிறகு இருப்பது ஐந்து விநாடிதான்.

அன்றைய போட்டியில் கிடைத்த அந்த நான்கையும் தவறவிட்டோம். நான்கும் வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பின. நான்கும் ஒரே மாதிரி குறைவாகப் போனது என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அளவு நாடா எடுத்துப்போய்த் திடலை அளந்தேன். ஃப்ரீ த்ரோ கோடு பலகையின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் கோடு கம்பத்திலிருந்து 4.6 மீட்டர். பலகை கம்பத்தைவிட 60 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது இந்தப் பிள்ளைகள் இத்தனை வருடமும் 4 மீட்டரில் எறிந்து பழகியிருக்கிறார்கள்! பலகையிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கல் தரையைத் தொட்ட இடத்திலிருந்து அளந்து புதுக் கோடு போட்டோம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கும் தோட்டத்துப் பயிற்சியாளர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருந்தால், நாளைக்கே ஒரு நூலும் கல்லும் எடுத்துப்போய் உங்கள் கோட்டையும் அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்