பட்டதா, படவில்லையா

ஹூஸ்டன்
நவம்பர் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேனாவால் நான்கு பக்கம் எழுதி, அதைப் போட்டோ பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று என்று படித்ததும் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். என் மனைவி அங்கேயே டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பொங்கலுக்கு நிச்சயம் வருகிறோம்.

முட்டி விஷயம்தான் மனசைக் கஷ்டப்படுத்தியது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடப்பது போரடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே கதைதான். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்று இங்கேயும் சொன்னார்கள். வீட்டில் டிரெட்மில் ஒன்று வாங்கிப்போட்டோம். இப்போது அதில் துண்டு காய்கிறது.

அப்புறம் நீ அந்தக் கேட்ச் விஷயத்தை இந்தக் கடிதத்திலும் விடவில்லை. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, உன் ஞாபகத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இப்போது எப்படி நடக்கிறேன் தெரியுமா? தட்டு எறிந்துகொண்டே நடக்கிறேன். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். ஃப்ரிஸ்பி தட்டை எறிந்து, விழுந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி எறிந்து, இலக்கைத் தொட வேண்டும். குறைவான எறிதலில் தொட்டவன் ஜெயித்தான். கோல்ஃப் கணக்குத்தான், மட்டையும் பந்தும் பணக்காரத்தனமும் கிடையாது. பூங்காக்களில் இதற்கென்றே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் நட்டிருப்பார்கள். எங்களுக்கு அது இல்லை. எங்கள் லேபில் ஒரு கொரியப் பையனும் மதுரைப் பெண் ஒருத்தியும் ஆராய்ச்சி மாணவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து, லேபிலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை வளாகத்துக்குள்ளேயே ஒன்பது இலக்கு குறித்துவிட்டார்கள். விளக்குக் கம்பம், மரம், குப்பைத்தொட்டி, இப்படி. ஒவ்வொன்றுக்கும் இடையில் அறுபது, எண்பது மீட்டர் இருக்கும். இலக்கைக் 'குழி' என்கிறோம், குழி எங்கேயும் இல்லாவிட்டாலும். சாயங்காலம் காருக்குப் போகிற வழியில் முக்கால் மணி நேரம் ஆட்டம்.

நான் வேலை பார்க்கும் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆட்டம் புதிதும் அல்ல. 1964-லேயே இங்கே மாணவர்கள் மரங்களை இலக்காக வைத்துப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். டிஸ்க் கோல்ஃபுக்கென்றே முதல் நிரந்தர மைதானம் கலிபோர்னியாவில் 1975-ல்தான் வந்தது. பதினொரு வருஷம் முந்திக்கொண்ட ஊரில் கூடை எதற்கு என்பது எங்கள் வாதம்.

முதல் குழி பொறியியல் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற புல்வெளியில். அங்கே மைக்கேல் ஹைசர் என்ற சிற்பி 1984-ல் வைத்த மூன்று பெரிய கருங்கல் பாளங்கள் உண்டு. ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று சாய்ந்திருக்கிறது, ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. சிற்பத்துக்குப் பெயரே '45 டிகிரி, 90 டிகிரி, 180 டிகிரி'. நம் ஊர்க் கல்குவாரியில் சும்மா கிடக்கிற சங்கதி என்று முதலில் நினைத்தேன். வெயில் சாயும்போது அந்த நிழல்களைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கல்லின்மேல் எறியக் கூடாது என்பது எங்கள் சட்டம். பக்கத்திலிருக்கும் விளக்குக் கம்பம்தான் குறி.

இன்னொரு இடத்திலும் எறியக் கூடாது. நிறுவனர் வில்லியம் மார்ஷ் ரைஸின் சிலை. அதை நிறுவியபோது பீடத்துக்குள் அவர் அஸ்தியையே வைத்தார்கள். 1900-ல் அவருடைய சொந்த வேலைக்காரனே ஒரு வக்கீலோடு கூட்டுச் சேர்ந்து, சொத்துக்காக அவரைக் கொன்றுவிட்டான். அந்தச் சொத்து தப்பித்ததால்தான் 1912-ல் இந்தக் கல்லூரி திறந்தது. ஆனால் மாணவர்களுக்குப் பயபக்தியெல்லாம் இல்லை. 1988-ல் ஒரு ராத்திரி அந்தச் சிலையை அப்படியே திருப்பி நூலகத்தைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூட மணியை நீ கிணற்றில் போட்டது ஞாபகம் வந்தது. இன்றைய தலைமையாசிரியருக்கு அது ஞாபகம் இருக்கிறதா?

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். லைவ் ஓக் என்று ஒரு ஜாதி, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். உயரத்தைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். சாலையின் இரண்டு பக்கமும் நின்று மேலே கை கோத்துக்கொள்ளும். திருவில்லிபுத்தூர் சாலையில் புளியமரங்கள் இருந்ததே, நாலுவழிச் சாலை வருவதற்கு முன்னால், அந்தக் கூரைதான். பதினோரு வருஷம் இந்த மரங்களுக்குக் கீழே போய் வந்திருக்கிறேன், ஒன்றுகூட எனக்குத் தனியாகத் தெரிந்ததில்லை. இப்போது எந்த மரத்தின் எந்தக் கிளை எவ்வளவு தாழ்வு, எது தட்டை விழுங்கும், எது திருப்பித் துப்பும் என்று கேட்டால் சொல்லுவேன். நான்காம் குழிக்குக் குறுக்கே நிற்பது விழுங்குகிற ரகம். ராமர் கோடு இல்லாத சாம்பல் அணில்கள் அதில் ஏராளம். தட்டு கிளையில் மாட்டினால், நாம் செருப்பை வீசி அதை இறக்குகிறவரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இனி என் ஆட்டம். முதல் மாதம் மானம் போயிற்று. பிள்ளைகள் உடம்பைத் திருப்பி, கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், பின்கையால் வீசுகிறார்கள். எனக்கு அந்தத் திருப்பல் இடுப்பில் பிடித்துக்கொண்டது. தட்டு பத்தடி போய்க் கோழி மாதிரி விழும். ஒரு நாள் வெறுத்துப்போய், கண்மாயில் தவளைக்கல் விடுவோமே, அந்த மாதிரி உடம்பைச் சாய்த்து, முழங்கையை இடுப்போடு வைத்து, மணிக்கட்டை மட்டும் சுண்டினேன். தட்டு தரையோடு தரையாக ஒரு வீட்டு நீளம் போய் மெல்ல எழும்பி, இலக்கையும் தாண்டிப் போயிற்று. "சார், இது எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று அந்த மதுரைப் பெண் கேட்டாள். கரையில் எருமை மேய்த்த காலத்தில் என்று சொன்னேன். நீ மேய்த்தாய், நான் உட்கார்ந்திருந்தேன். அந்த விவரம் அவளுக்கு எதற்கு?

இதில் ஒரு விசேஷம். அவர்கள் வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். என் தட்டு எதிர்த்திசையில் சுற்றும். பம்பரம் வேகம் குறைந்ததும் தலை சாய்க்குமே, தட்டும் அப்படித்தான். வேகம் தணிந்ததும் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுற்றுகிற பொருளாயிற்றே, முன்னால் தூக்கினால் பக்கவாட்டில் சாயும். அவர்கள் தட்டு கடைசியில் இடப்பக்கம் வளையும், என்னுடையது வலப்பக்கம். நூலகக் கட்டடத்தின் மூலையைச் சுற்றி வலது பக்கம் ஒளிந்திருக்கிற ஐந்தாம் குழி இருக்கிறதே, அங்கே நான் ராஜா. பிள்ளைகள் மூன்று எறிதலில் செய்வதை நான் இரண்டில் முடித்துவிடுவேன். மற்ற எட்டுக் குழியிலும் வாங்கிக்கட்டிக்கொள்வது வேறு விஷயம்.

ஒரு விபத்தும் நடக்கப் பார்த்தது, தப்பு முழுக்க என்னுடையது. ஆர்வக் கோளாறில், போட்டிக்காரர்கள் வைத்திருக்கிற கூர்விளிம்புத் தட்டு ஒன்று வாங்கினேன். 1983 வாக்கில் டேவ் டுனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாக்கிக் கண்டுபிடித்த வகை. காற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு பறக்கும். 170 கிராம் கெட்டி பிளாஸ்டிக். சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு வயதான பேராசிரியரின் காதோரமாகப் போயிற்று. கொரியப் பையன் கோல்ஃப் முறைப்படி "ஃபோர்!" என்று கத்தினான். என் வாயில் "ஏய் பாத்து!" என்றுதான் வந்தது. மனிதர் தமிழுக்குக் குனிந்தாரா ஆங்கிலத்துக்குக் குனிந்தாரா தெரியாது, குனிந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு அந்தத் தட்டு அலமாரிக்குப் போயிற்று. இப்போது மழுங்கிய விளிம்புள்ள பழைய மாதிரி ஃப்ரிஸ்பிதான். தூரம் குறைவு, ஆனால் யார் மேலாவது பட்டாலும் திட்டோடு போகும். ஆள் நடமாட்டம் இருந்தால் எறியாமல் காத்திருப்பது என்றும் முடிவாயிற்று. அதில் பாதி நேரம் அரட்டையில் போகிறது, யாருக்கும் குறையில்லை.

கூடை ஏன் வந்தது என்ற கதை உனக்குப் பிடிக்கும். எட் ஹெட்ரிக் என்று ஒருவர், ஃப்ரிஸ்பியை நேராகப் பறக்கிற சாமானாகத் திருத்தியவர். 1975-ல் அந்த முதல் மைதானத்தைப் போட்டவரும் அவர்தான். முதலில் வெறும் கம்பங்களைத்தான் நட்டார். ஒவ்வொரு கம்பத்தடியிலும் பட்டதா படவில்லையா என்று ஒரே சண்டை. அது பொறுக்காமல்தான் சங்கிலியும் கூடையும் செய்து காப்புரிமை வாங்கினார். தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழுந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. ஃப்ரிஸ்பிப் பைத்தியங்கள் செத்தால் சொர்க்கம் நரகமெல்லாம் கிடையாது, கூரைமேல் போய் விழுந்து கிடப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். 2002-ல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள்.

பெரிய மனிதர்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கட்சி. சண்டையை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? எங்கள் ஏழாம் குழி ஒரு புதர்வேலியின் ஓரத்துக் குப்பைத்தொட்டி. இலை அசைந்ததா தொட்டி அதிர்ந்ததா என்று மூன்று பேரும் கோர்ட்டு நடத்துவோம். கிட்டிப்புள்ளில் கோல் அளக்கும்போது நீ குச்சியைச் சாய்த்து அளப்பாய் என்று ஊரே கூடுமே, அதற்குக் குறைவில்லை. மதுரைப் பெண் உன் ஜாதி, தோற்றால் சட்டத்தைத் திருத்துவாள். கொரியப் பையன் பேசவே மாட்டான். எது கேட்டாலும் எறிந்தவரே சொல்லட்டும் என்று நின்றுவிடுவான். அவனோடு ஆடுவதுதான் கஷ்டம்.

உன் பள்ளிக்கூட வளாகத்தில் இதைப் போட்டுப் பார். 1926-ல் கனடாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள், மண்ணில் வட்டம் கீறி, தகர மூடியை அதற்குள் எறிந்து ஆடியிருக்கிறார்கள். ஃப்ரிஸ்பி என்ற பேரே அப்போது இல்லை. வேப்பமரம், தண்ணீர்த்தொட்டி, சைக்கிள் கொட்டகைத் தூண் என்று ஆறு இலக்கு உனக்குத் தேறும். கொடிக்கம்பம் வேண்டாம். சத்துணவுக்கூடத்து அண்டா மூடியும் வேண்டாம், ஆயாம்மா உன்னை உரித்துவிடுவார். மெதுவாக நட, குனிவதற்கு மட்டும் ஒரு பையனைக் கூட வைத்துக்கொள்.

சரி, அந்தக் கேட்ச்.

போன வியாழக்கிழமை நானும் கொரியப் பையனும் மட்டும். ஒன்பதாம் குழி கார் நிறுத்தும் இடத்து விளக்குக் கம்பம், எதிரே ஸ்டேடியம். நிலவுக்குப் போகிறோம் என்று 1962-ல் கென்னடி பேசினாரே, அதே ஸ்டேடியம்தான். இருட்டிவிட்டது. அன்றைக்கு எனக்கு எல்லாம் கூடிவந்திருந்தது. கடைசித் தட்டு கம்பத்தைத் தொட்டால் முதல் தடவையாக அவனை ஜெயித்துவிடுவேன். எறிந்தேன். கம்பத்துக்கும் தட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி. எனக்குத் தெரிந்தது. அவன் தூரத்தில், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குத் தெரிய வழியில்லை. "பட்டதா?" என்று கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் படவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அவன் எறிந்தான், கம்பத்தில் ணங்கென்று பட்டது.

காரை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் 1985 மாட்டுப்பொங்கல் ஞாபகம் வந்தது. கண்மாய்க்கரை மைதானம், நீ விக்கெட் கீப்பர், நான் மட்டை. நடுவர் என் சித்தப்பா மகன். அவன் விரலைத் தூக்கவில்லை, நீ பந்தைத் தரையில் அடித்து அழுதாய். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டது, மாப்ளே. சத்தம்கூட எனக்குக் கேட்டது.

பந்தயம் விருதுநகர் எண்ணெய் புரோட்டா என்று ஞாபகம், தலைக்கு நாலு. பொங்கலுக்கு வந்து கடனை அடைக்கிறேன். வட்டி கேட்காதே, எனக்குச் சர்க்கரை, உனக்கு முட்டி.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெட்டியில் உனக்கு ஒரு தட்டு வருகிறது, மழுங்கிய விளிம்பு.

உன்,
மட்டைக்காரன்