தாழி உடையவில்லை, ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 2025 டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் தேர்வு) பற்றி, "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது கிளீவ்லேண்ட்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். டிராவிஸ் ஹன்டர் என்ற நட்சத்திரக் கல்லூரி வீரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது, 2ஆம் பிக்கை (இரண்டாவதாக ஆள் எடுக்கும் உரிமையை) ஜாக்சன்வில் அணிக்குக் கொடுத்துவிட்டு 5க்கு இறங்கியது கோழைத்தனமாம். டிராஃப்டில் இறங்கிய எவனும் ஜெயித்ததில்லையாம். சரி, பதிலுக்கு என்ன வாங்கினார்கள்? "சில பிக்குகள்" என்கிறார். எந்தப் பிக்குகள் என்பதுதானே ஐயா செய்தி?

அவர் விட்டதை நான் எழுதுகிறேன். கிளீவ்லேண்ட் கொடுத்தது 2, 104, 200. வாங்கியது 5, 36, 126, அதோடு ஜாக்சன்வில்லின் 2026 முதல் சுற்றுப் பிக். 1990களில் டல்லஸ் அணியில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் பிறந்த, ஒவ்வொரு பிக்குக்கும் மதிப்பு போடும் புள்ளி அட்டவணை ஒன்று உண்டு, தாங்கள் அறியாததல்ல. அதில் 2ஆம் பிக் 2600, 104ஆம் பிக் 86, 200ஆம் பிக் ஏறக்குறைய 11. மொத்தம் 2697. மறுபக்கம் 5க்கு 1700, 36க்கு 540, 126க்கு 46. அடுத்த ஆண்டுப் பிக்கை ஒரு சுற்று தள்ளி மதிப்பிடுவது வழக்கம், அதனால் இரண்டாம் சுற்றின் நடுவில் வைத்து 420. கூட்டினால் 2706. ஒன்பதே புள்ளி வித்தியாசம், சரிக்குச் சரி வியாபாரம். இதில் கோழைத்தனம் எந்த வரியில் இருக்கிறது என்று கட்டுரையாளர் காட்டட்டும்.

இத்தனைக்கும் அந்த அட்டவணையே மேல்தட்டுப் பிக்குகளுக்குத் தாராளமாக விலை போடுவது. ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் 2005லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: ஒரே நிலையில் ஆடுகிற இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய தேலரின் பேச்சு உங்கள் அலுவலகம் வரை எட்டவில்லை போலும்.

எட்டாதுதான். போன வருடம் இதே டிராஃப்டை "அமெரிக்காவின் ஐபிஎல் ஏலம்" என்று எழுதியவர்கள்தானே நீங்கள். ஏலத்தில் பணப்பை பேசும். டிராஃப்டில் யாரும் விலை கேட்பதில்லை. தோற்ற அணிக்கு முதலிடம், ஏழு சுற்று, சம்பளமும் ஏறக்குறைய முன்கூட்டியே முடிவானது. 2010இல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். மறு ஆண்டு விதி மாறியதும் அதே முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம். அதற்கு முன் மேல்பிக்கை விற்க நினைத்தாலும் அந்தச் சம்பளச் சுமையைத் தூக்க ஆள் கிடைப்பது கஷ்டம். இன்று வாங்க ஆள் இருப்பதற்குக் காரணமே இந்த மாற்றம். இதைச் சொல்லாமல் இறங்குவதைப் பற்றி எப்படி எழுத முடிகிறதோ! லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு இடைவேளைப் பாட்டின் படங்களையே மூன்று பக்கம் போட்டு, பிலடெல்பியா 40-22 என்று ஜெயித்ததை ஒரே வரியில் முடித்ததையும், டிராஃப்ட் செய்திக்கு மேலே உருண்டையான கால்பந்துப் படத்தை அச்சிட்டதையும் நான் கிளறப்போவதில்லை.

இறங்குவதற்கு முறை உண்டு. தேர்வுப் பலகையில் (அணி தரவாரியாக எழுதிவைத்த வீரர் பட்டியலில்) ஒரே தரத்தில் எத்தனை பெயர் மிச்சமிருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும். கையில் 7ஆம் பிக், ஒரே தரத்தில் ஐந்து பெயர் என்றால் 11 வரை இறங்கலாம். 7, 8, 9, 10 நான்கிலும் மற்ற அணிகள் நாம் குறித்த ஆட்களையே எடுத்தாலும் ஒருவர் மிஞ்சுவார். 12க்கு இறங்கினால் சூதாட்டம். பலகையில் ஒரே பெயர் தனியாக மேலே நின்றால் யார் என்ன கொடுத்தாலும் அசையக் கூடாது. (கிளீவ்லேண்டைத் திட்டியே தீர வேண்டுமென்றால் இங்கே திட்டியிருக்கலாம். ஹன்டர் அப்படித் தனியாக நின்றவரா என்பது நியாயமான கேள்வி. கட்டுரையாளர் அதைத்தான் கேட்கவில்லை.)

குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாத அணி, நல்ல குவார்ட்டர்பேக்கைத் தாண்டி இறங்கக் கூடாது. இந்த முறை கேம் வார்டு முதல் பிக்கிலேயே டென்னஸிக்குப் போய்விட்டார். அடுத்த குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட் போனது 25இல். ஆக, 2இல் உட்கார்ந்து யாரைத் தாண்டினார்கள்?

நேரமும் முக்கியம். வாங்குபவர் குவார்ட்டர்பேக்குக்காகத் தவிப்பவர் என்றால் மார்ச்சிலேயே முடித்துவிடலாம். 2018இல் இண்டியானாபோலிஸ் அப்படித்தான் நியூயார்க் ஜெட்ஸுக்கு 3ஐக் கொடுத்து 6, 37, 49, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுப் பிக் என வாங்கியது. 6இல் குவென்டன் நெல்சன், 37இல் பிரேடன் ஸ்மித்; முந்தைய ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி என்று கிடந்த அணி அந்த ஆண்டே 10-6. மற்றபடி டிராஃப்டில் நம் முறைக்கான கடிகாரம் ஓடும்போதுதான் பேரம். அதிலும் இரு அணிகளும் லீகுக்குச் சொல்லி உறுதிசெய்தால்தான் செல்லும். 2003இல் மினசோட்டா 7ஆம் பிக்கை பால்டிமோருக்கு விற்கப் போய், லீகிடம் உறுதி ஆவதற்குள் 15 நிமிடம் முடிந்து, இரண்டு அணிகள் முந்திக்கொண்டு, கடைசியில் 9ஆவதாகத்தான் எடுக்க முடிந்தது.

இறங்கியவர்கள் கெட்டுப்போனதும் உண்டு, மறுக்கவில்லை. 2011இல் இதே கிளீவ்லேண்ட், பின்னாளில் நட்சத்திரமான ஜூலியோ ஜோன்ஸை அட்லாண்டாவுக்கு விட்டுக்கொடுத்து ஐந்து பிக் வாங்கியது. அதில் ஒன்று, சோபிக்காத குவார்ட்டர்பேக் பிராண்டன் வீடனாக முடிந்தது. 2012இல் செயின்ட் லூயிஸ் மூன்று முதல் சுற்றுப் பிக்குகள் வாங்கியும் அந்த நகரத்தில் இருந்தவரை ஒரு சீசனில்கூடப் பாதிக்கு மேல் ஜெயிக்கவில்லை. குற்றம் விற்றதில் இல்லை, வாங்கிய பிக்கில் ஆள் எடுத்ததில். "எவனும் ஜெயித்ததில்லை" என்கிறவருக்கு ஒன்று சொல்லுங்கள்: 2010இல் நியூ இங்கிலாந்து 22இலிருந்து 24, அங்கிருந்து 27 என்று ஒரே இரவில் இரண்டு முறை இறங்கி, தற்காப்பு வீரர் டெவின் மெக்கார்ட்டியை எடுத்தது. அவர் கையில் மூன்று சூப்பர் பவுல் மோதிரம். 2023இல் சிகாகோ முதல் பிக்கையே கரோலினாவுக்கு விற்றது; பதிலுக்கு வாங்கியவற்றில் கரோலினாவின் 2024 முதல் சுற்றுப் பிக்கும் ஒன்று. கரோலினா அந்த ஆண்டு 2-15 ஆடிய புண்ணியத்தில், 2024இன் முதல் பிக்கும் சிகாகோவுக்கே வந்து சேர்ந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஏப்ரலில் டிரேட் செய்தி போடும்போது, யார் எந்த எண்ணைக் கொடுத்தார், எந்த எண்ணை வாங்கினார் என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். நான்கு வரி போதும். இடமில்லை என்றால் பாட்டுப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சந்தா கட்டிப் படிக்கும் வாசகன்,
எடிசன், நியூ ஜெர்சி