காதல் நாவலையும் முழுதாகப் படித்துவிட்டு விமர்சியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு புத்தகப் பக்கத்தில் பழைய ஆங்கிலக் காதல் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் அட்டைப் படங்களை வர்ணித்திருந்தார், தலைப்புகளைச் சொல்லிச் சிரித்திருந்தார், ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான் என்று முடித்திருந்தார். எந்த நாவலுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வரலாற்று நூலுக்கோ கவிதைத் தொகுப்புக்கோ இப்படி ஒரு விமர்சனம் வந்தால் நீங்கள் அச்சிடமாட்டீர்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் 34 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பயிற்சிக் காலத்திலிருந்தே இந்த நாவல்களைப் படிக்கிறேன். படித்து முடித்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு அரைப் பக்கமாவது எழுதிவைப்பேன். அப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன.

விடுதியில் ஒரு நாவல் வந்தால் பதினைந்து, இருபது பேர் கை மாறும். அட்டை போயிருக்கும், முதுகில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும், வார்டில் ஒட்டுகிற அதே பிளாஸ்டர். அப்படி என் கைக்கு வந்த ஒரு நர்ஸ் கதையில் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்து போயிருந்தது. டாக்டர் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், கதவு திறக்கிறது, அதோடு சரி. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை வேறு விஷயத்தில் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் வேலையை விடுவாளா, மாட்டாளா? விட்டுவிடுவாள் என்றேன் நான். என் அறைத்தோழி ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்த வார்டை யாரை நம்பி விட்டுட்டுப் போவா? போடி" என்றாள். ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. எங்கள் கல்யாணம், எங்கள் வேலை என்று நேராகப் பேச எங்களுக்கு அப்போது வாய் வரவில்லை. அந்தக் கதாநாயகியை வைத்துத்தான் பேசினோம்.

முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதே என்பது இந்த நாவல்கள் மேல் எப்போதும் சொல்லப்படும் குறை. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே இந்த வாசகிகளைத் தேடிப்போய்ப் பேசி, 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சந்தித்தவர்களில் பலர் கடைசிப் பக்கங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஒரு நாவலை எடுத்தார்கள். வீட்டில் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கு, புத்தகத்தோடு உட்காரும் அந்த நேரம் மட்டும்தான் தங்களுடையது என்றும் அவரிடம் சொன்னார்கள். ஆய்வு படித்துத்தான் எனக்கு இது தெரியவேண்டும் என்றில்லை. பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி முடித்து, விடியற்காலையில் ஒரு நோயாளியை இழந்துவிட்டு அறைக்கு வருகிறவளுக்கு, கடைசியில் யாரும் சாகமாட்டார்கள் என்று உறுதி சொல்லும் ஒரு கதை என்னவாக இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். முடிவு தெரிந்திருந்தால் வழியைக் கவனிக்கலாம். விமர்சகர் பார்க்கவேண்டியது அந்த வழியைத்தான்.

அதற்கு முதலில் அந்த நாவல் எந்த வருடம் முதல்முறை வெளிவந்தது என்று பார்க்கவேண்டும். உங்கள் கட்டுரையாளர் மறுபதிப்பு வருடத்தை வைத்துக்கொண்டு, ஐம்பதுகளின் கதையை எழுபதுகளின் கதையாகப் பேசியிருக்கிறார். இதில் தவறு நேர்வது எளிதுதான். லண்டனில் மில்ஸ் அண்டு பூன் பதிப்பகம் 1908இல் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகமும் போட்டார்கள், முப்பதுகளில்தான் காதல் நாவல் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். கனடாவின் ஹார்லெக்வின் பதிப்பகம் 1949இல் வந்தது. 1957 முதல் லண்டன் நாவல்களை வாங்கி மறுபதிப்புப் போட்டு, 1971இல் மில்ஸ் அண்டு பூனையே வாங்கிவிட்டது. மறுபதிப்பில் சில சமயம் தலைப்பே மாறிவிடும். புதுப் புத்தகம் என்று எடுத்து, பத்துப் பக்கம் தாண்டியதும் இது படித்த கதை என்று கண்டுபிடித்த அனுபவம் எனக்கே உண்டு.

வருடம் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். என் நோட்டிலிருந்தே சொல்கிறேன். பழைய நர்ஸ் கதைகளில் கல்யாணம் நிச்சயமானதும் ராஜினாமா கடிதம் வந்துவிடும். சின்ன வயதில் கோபமாக எழுதியிருக்கிறேன்: "எழுத்தாளருக்கு நர்ஸ் வேலை என்றால் மாப்பிள்ளை கிடைக்கிறவரை நிற்கிற இடமா?" பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் கல்யாணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரக்கூடாது என்ற விதி 1946 வரை இருந்தது. பல மருத்துவமனைகளிலும் போருக்கு முன்னால் அதே கதைதான். 1935இல் வந்த நாவலில் கதாநாயகி ராஜினாமா செய்தால் அது விதி. 1975இல் வந்த நாவலில் செய்தால் அது எழுத்தாளரின் முடிவு. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

எழுதியவர் யார் என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். பெட்டி நீல்ஸ் பயிற்சி பெற்ற செவிலியர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பணி செய்தவர், ஒரு டச்சுக்காரரை மணந்து நெதர்லாந்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நூலகத்தில், நல்ல காதல் நாவலே கிடைப்பதில்லை என்று யாரோ ஒரு பெண்மணி அலுத்துக்கொண்டதைக் கேட்டு எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் 1969இல் வந்தபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டி. 2001இல் இறப்பதற்குள் 134 நாவல்கள் எழுதிவிட்டார். அவருடைய வார்டுகளை நான் டியூட்டி பார்க்கிற கண்ணோடுதான் படிப்பேன். டியூட்டி மாறும்போது ஒப்படைக்கவேண்டிய தகவல், இரண்டு பேர் வராத நாளில் ஒருத்தி தலையில் விழும் வேலை, ஷூவைக் கழற்றியதும் காலில் ஏறும் வலி, எல்லாம் சரியாக இருக்கும். இன்றைய மருத்துவமனைக் கதைகள் பலவற்றில் நர்ஸ் என்பவள் டாக்டருக்குப் பின்னால் டிரே ஏந்தி நிற்கும் உருவம். இவருடைய நாவலில் அவளுக்கு ஒரு வார்டு இருக்கிறது, அதற்குப் பொறுப்பும் இருக்கிறது. இதை ஒரு விமர்சகர் சொல்லவேண்டாமா? கூடவே, அவர் கதைகளில் நாயகர்களாக வரும் டச்சு டாக்டர்கள் மனதில் இருப்பதைக் கடைசி அத்தியாயம்வரை சொல்லாமல், எல்லா முடிவையும் தாங்களே எடுத்துவிடுவார்கள் என்பதையும் சொல்லவேண்டும். படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும் இடம் அது.

இந்த நாவல்களைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்ற நான் வரவில்லை. இரண்டாவது நோட்டிலும் ஆறாவது நோட்டிலும் ஒரே நாவலைப் பற்றி எழுதியிருக்கிறேன். 23 வயதில்: "கடற்கரைக் காட்சி அருமை. அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் மூச்சே நின்றுவிட்டது." 51 வயதில்: "அவன் பிடித்து நிறுத்தவில்லை, முறுக்குகிறான். வலிக்கிறது என்று அவள் சொல்கிறாள். மறுநாள் நீளக் கைச் சட்டை போட்டு மறைக்கிறாள். இதை எப்படிக் கவனிக்காமல் போனேன்?"

அந்த இரண்டு குறிப்புக்கும் நடுவில் நான் காஷுவாலிட்டியில் ஒன்பது வருடம் இருந்திருக்கிறேன். நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்து கன்றிப்போன மணிக்கட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்பார்கள். கதவில் இடித்தால் காயம் அப்படி வராது. பக்கத்தில் நிற்கும் கணவனை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டால், சிலர் மட்டும் அழுவார்கள்.

இதைச் சொன்னால் இந்த நாவல்களை நேசிக்கும் தோழிகளே, அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அதே பத்தாண்டில், அதே பதிப்பகத்தில், தொடுவதற்கு முன் ஒரு அடி பின்னால் நின்று அவள் முகத்தைப் பார்க்கும் நாயகர்களும் வந்திருக்கிறார்கள். ஒரே காலத்தில் ஒருவர் அப்படியும் ஒருவர் இப்படியும் எழுதியிருக்கும்போது, பழியைக் காலத்தின் மேல் மட்டும் எப்படிப் போடுவது? விமர்சகர் அந்த இடத்தைப் பேர் சொல்லிக் காட்டவேண்டும். கட்டாயப்படுத்தல் என்றால் கட்டாயப்படுத்தல் என்றே எழுதவேண்டும். ஆனால் 23 வயதுக் குறிப்பை நான் அடித்துவிடவில்லை. அந்தக் கதை அந்த வயதுப் பெண்ணிடம் எந்த இடத்தில் வேலை செய்தது என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

கதைக் கட்டுமானத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எண்பதுகள்வரை இந்த நாவல்களில் பெரும்பாலும் கதாநாயகியின் மனசுக்குள் மட்டும்தான் நாம் போகமுடியும். அவன் என்ன நினைக்கிறான் என்று அவளைப் போலவே நாமும் ஊகிக்கவேண்டும். அவன் ஏன் ரவுண்ட்ஸில் அவளைப் பார்க்காமல் போனான், ஏன் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை? 190 சொச்சம் பக்கத்துக்குள் இந்த ஊகத்தை இழுத்துப் பிடிப்பது லேசான வேலை இல்லை. மோசமான நாவலில் ஒரு வாய் வார்த்தை பேசியிருந்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே எல்லாம் தீர்ந்திருக்கும், எழுத்தாளர் பேசவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பார். நல்ல நாவலில் அவள் வாயைத் திறக்காததற்கு நம்பக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்: அவளுடைய தன்மானம், அல்லது அவன் தன் மேலதிகாரி என்பது, அல்லது வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இருக்கும் தம்பி தங்கை. நான் ஒரு நாவலை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

எல்லாம் பணத்துக்காக எழுதிக் குவித்தவை என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. மேரி பர்ச்செல் என்ற பெயரில் 1936 முதல் மில்ஸ் அண்டு பூனுக்கு எழுதியவர் ஐடா குக். அந்த நாவல்களில் வந்த பணத்தை வைத்து, அவரும் அக்கா லூயிஸும் நாஜி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் திரும்பத் திரும்பப் போய், 29 பேர் தப்பி வர உதவினார்கள். இதனால் அவருடைய நாவல் ஒவ்வொன்றும் சிறந்த நாவல் ஆகிவிடாது. அவற்றிலும் சுமாரானவை உண்டு, என் நோட்டில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் பணத்துக்காக எழுதியது என்ற வார்த்தையை இவ்வளவு சுலபமாக ஒருவர் எறியும்போது எனக்கு அந்த அக்கா தங்கையின் ஞாபகம்தான் வருகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புத்தகப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது பழைய வெகுஜனக் காதல் நாவல் ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். எழுதுகிறவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கவேண்டும், முதல் பதிப்பின் வருடத்தைக் குறிப்பிடவேண்டும். முன்பு ஒரு வயதில் படித்து இப்போது திரும்பப் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு வாசிப்பையும் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதும் வாசகிகளில் இதற்குத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கேட்டால்தான் வெளியே சொல்வார்கள்.

அந்த எட்டுப் பக்கத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். பழைய புத்தகக் குவியல் ஒன்றில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. நின்றுகொண்டே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். டாக்டர் உள்ளே வருகிறார், மன்னிப்புக் கேட்கிறார், பெரிய பேச்சு நடக்கிறது, அவள் சம்மதிக்கிறாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரியே என் அறைத்தோழிக்குப் போன் செய்து, நாவல் கிடைத்துவிட்டது என்றேன். எந்த நாவல் என்றுகூட அவள் கேட்கவில்லை. "வேலையை விட்டாளா?" என்றாள். புத்தகத்தில் சொல்லவே இல்லை என்றேன்.

"அப்போ விடலை" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
உங்கள் நெடுநாள் வாசகி