மாமாவின் தண்ணீரும் உன் மூன்று வசனங்களும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். குடும்பக் குழுவில் நீயும் மாமாவும் திரித்துவத்தைப் பற்றி, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற உபதேசத்தைப் பற்றிப் போட்ட சண்டையை முழுவதும் படித்தேன். அங்கேயே பதில் போட்டிருக்கலாம், ஆனால் போட்டால் மாமா நடுவில் புகுந்து இன்னும் பத்து வசனம் அனுப்புவார், நீ பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்புவாய், பேச வந்த விஷயம் காணாமல் போய்விடும். அதனால்தான் தனியாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

பிதா மட்டுமே கடவுள், குமாரன் அவர் முதன்முதலாகப் படைத்தவர், இதுதான் சரி என்று தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு உடன்பாடில்லை, ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நீ விசுவாசத்தை விட்டு ஓடுகிறாய் என்றோ, உன் நண்பர் உன்னைக் கெடுத்துவிட்டார் என்றோ நான் நினைக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர் இதையேதான் சொன்னார், அவரும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மாமா உன்னை நரகத்தைக் காட்டி மிரட்டியது பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்ததற்காக 1553-இல் ஜெனீவாவில் செர்வேத்துஸ் என்ற மருத்துவரை உயிரோடு எரித்தார்கள். எரித்தவர்கள் திரித்துவத்தை நம்புகிற நம் கட்சி ஆட்கள்தான். அதனால் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் கிடைத்ததா என்ன?

மாமாவின் ஆதாரங்களை முதலில் ஓரம் வைத்துவிடலாம். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று 1 யோவான் 5:7-ஐ அனுப்பினார். நம் பழைய தமிழ் பைபிளில் அது இருக்கிறது, ஆனால் பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, சத்தம் கிளம்பிய பிறகு 1522-இல் சேர்த்தார். இதுவரை நீ எழுதியது சரிதான். ஆனால் அங்கிருந்து ஒரே தாவலாக "அப்படியென்றால் திரித்துவமே இடைச்செருகல்" என்று போய்விட்டாய் பார், அது ஒட்டவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் இந்த உபதேசத்துக்காக மல்லுக்கு நின்ற அத்தனாசியுஸ், பசிலியுஸ், இரண்டு கிரகோரிகள், இவர்களில் யாரும் அந்த வசனத்தைக் காட்டி வாதாடவில்லை. அவர்கள் கையில் இல்லவே இல்லாத வசனத்தை இன்று எடுத்துவிட்டால் அவர்கள் வாதத்துக்கு என்ன குறைந்துவிடும்?

அப்புறம் மாமாவின் அந்தத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமை, ஒரே தண்ணீர் மூன்று நிலையில் இருப்பது போலத்தான் கடவுளும் என்பது. அது திரித்துவமே இல்லை. ஒரே கடவுள் மூன்று வேஷம் மாற்றிக்கொள்கிறார் என்று 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் சொன்னார், சபை அவரை ஒதுக்கியது. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறாவைப் போல இறங்குகிறது, பிதாவின் குரல் வானத்திலிருந்து வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில். (மும்மைப் புள்ளி என்று ஒரு வெப்ப அழுத்த நிலை இருக்கிறதே, அதில் பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்தே இருக்குமே என்று நீ கிளம்புவாய், தெரியும். அப்போதும் பனியாக இருக்கிற துளி அதே நொடியில் நீராவியாக இல்லை.) மாமா அதைச் சொல்லும்போது தனக்கே தெரியாமல் வேறொரு கட்சிக்கு வாதாடிக்கொண்டிருக்கிறார். பாவம், சொல்ல மனம் வரவில்லை.

சரி, இப்போது உன் பக்கம். "ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நிசேயாவில் உண்டாக்கியதுதான் திரித்துவம்" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் பேசியது பெரும்பாலும் குமாரனைப் பற்றித்தான், அவர் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவைப் போலவே கடவுள் என்று. பரிசுத்த ஆவியைப் பற்றி அங்கே எழுதிய விசுவாசப் பிரமாணத்தில் "ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதை விரித்து எழுதியது 381-இல், கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தில். இன்னொன்று, கான்ஸ்டன்டைன் கடைசிவரை நிசேயா கட்சியோடு நிற்கவே இல்லை. ஆரியுஸை முதலில் நாடு கடத்தினார், பிறகு திரும்ப அழைத்தார், அத்தனாசியுஸை 335-இல் ட்ரியருக்குத் துரத்தினார். 337-இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸை ஆதரித்து வந்த நிக்கோமேதியா எயுசேபியுஸ். அடுத்து வந்த அவர் மகன் கான்ஸ்டன்ஷியுஸ் நிசேயாவுக்கு நேர் எதிரி. அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார், மொத்தம் ஏறக்குறைய 17 வருஷம் ஊரை விட்டு வெளியே. அரண்மனை முடிவு செய்த விஷயம் என்றால் அந்த நாற்பது சொச்சம் வருஷங்களில் ஆரியுஸ் பக்கம்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் கதையை நான் பாதியில் நிறுத்த மாட்டேன்: 380-இல் தியடோசியுஸ் பேரரசர் நிசேயா விசுவாசத்தைச் சட்டமாக்கினார், மற்றவர்களின் ஆலயங்கள் பறிபோயின. அது அதிகாரம்தான். அதை மறைத்துவிட்டு உன்னிடம் வாதாடினால் நாளைக்கு நீயே கண்டுபிடித்து என் முன்னால் வைப்பாய்.

ஆனால் இதற்கெல்லாம் வெகு முன்னால், 112 வாக்கில், பித்தினியாவை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்ததில் தெரிந்தது என்னவென்றால், குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக வைத்துப் பாட்டுப் பாடுகிறார்களாம். எழுதியவர் கிறிஸ்தவர் இல்லை, அவருக்கு இதில் லாபமும் இல்லை. நிசேயா சங்கத்துக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால், நிசேயா நகரம் இருக்கிற அதே மாகாணத்தில்! எனக்கு இதைவிடப் பிடித்த சான்று வேறு இல்லை.

உன் மூன்று வசனங்களுக்கு வருகிறேன். நீதிமொழிகள் 8:22, ஞானம் பேசுகிற இடம், அது ஆரியுஸ் கட்சிக்கு மிகவும் பிடித்த வசனம்: ஞானம் என்பது குமாரன், அவரைக் கர்த்தர் படைத்தார் என்று அதைப் படித்தார்கள். அத்தனாசியுஸ் அந்த ஒரு வசனத்துக்காகவே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அது கவிதை, இரண்டு பேரும் அதன் தலையில் அதிகம் சுமத்திவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். யோவான் 14:28, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்." அதை நிசேயா கட்சியில் யாரும் மறைக்கவில்லை. மனிதனாக வந்த நிலையில் சொன்னது என்று சிலர் விளக்கினார்கள், குமாரன் பிதாவிடமிருந்து வருகிறார், பிதாவே ஊற்று, அந்த வகையில் பெரியவர் என்று வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மகன் அப்பாவிடமிருந்து வருகிறவன் என்பதால் மனிதத்தன்மையில் குறைந்தவன் ஆகிவிடுவதில்லையே.

மாற்கு 13:32 தான் கனமானது. உலக முடிவு வருகிற அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர யாரும் அறியார், தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார். இயேசுவே சொல்கிறார். மாமா இதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விட்டார், நீ விடாமல் பிடித்தது நல்லது. வழக்கமான பதில், மனிதனாக அவருக்குத் தெரியவில்லை, தேவனாகத் தெரியும் என்பது. அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வளவு சுலபமாகச் சொல்லும்போது ஒரே ஆளை இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருக்கிறது. 451-இல் கல்சேதோனில் சங்கமாகக் கூடிய ஆயர்களும் இயல்பு இரண்டு, ஆள் ஒருவரே என்றுதான் முடித்தார்கள், அந்த ஒருவரின் மனதுக்குள் அது எப்படி நடந்தது என்று அவர்கள் விளக்கவில்லை. பிலிப்பியர் 2-இல் அவர் தம்மைத் தாமே வெறுமையாக்கினார் என்று பவுல் எழுதுகிறார், தெரியாமல் இருப்பதும் அந்த வெறுமைக்குள் அடங்கும் என்று நான் படிக்கிறேன். உனக்கு இது போதவில்லை என்றால் புரிகிறது. எனக்கும் இந்த இடத்தில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அதே பிலிப்பியர் 2-ஐ இன்னும் நான்கு வரி கீழே படி. இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும், நாவு யாவும் அவரைக் கர்த்தர் என்று அறிக்கைபண்ணும். இது பவுல் சொந்தமாக எழுதிய வரி இல்லை, ஏசாயா 45:23-இல் கடவுள் தம்மைப் பற்றியே சொன்னது. அதற்கு முந்தின வசனம் என்ன தெரியுமா? "நானே தேவன், வேறொருவரும் இல்லை." ஒரே கடவுள் என்பதை நாளுக்கு இரண்டு முறை சொல்லி வளர்ந்த ஒரு யூதன், பழைய ஏற்பாட்டிலேயே மிகக் கண்டிப்பாக ஒருவரே என்று முழங்குகிற அதிகாரத்தை எடுத்து இயேசுவுக்குச் சூட்டுகிறான். சிலுவை நடந்து முப்பது நாற்பது வருஷத்துக்குள். எந்தச் சங்கமும் கூடவில்லை, எந்த ராஜாவும் கேட்கவில்லை.

நீயும் மாமாவும் ஒன்றா மூன்றா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் யாரும் அப்படித் தொடங்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே இயேசுவை நோக்கி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள், கடவுள் ஒருவரே என்பதையும் விடவில்லை, அப்படியென்றால் நாம் யாரைத் தொழுதுகொண்டிருக்கிறோம் என்று கேட்கத் தொடங்கியதில் வந்ததுதான் இந்த உபதேசம். ஆரியுஸ் கட்சிக்காரர்களும் கிறிஸ்துவைத் தொழுதார்கள், அத்தனாசியுஸ் அவர்களைப் பிடித்தது அங்கேதான்: அவர் படைப்பு என்றால், படைப்பைத் தொழுகிற உங்களுக்கும் விக்கிரகம் கும்பிடுகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

உன் நண்பர் இதில் ஆரியுஸைவிடத் தெளிவானவர், நாங்கள் பிதாவிடம் மட்டும்தான் ஜெபிக்கிறோம், இயேசு வழியாக ஜெபிக்கிறோம் என்கிறார். சரி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 7:59-இல் ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்கிறான். சாகிற நேரத்தில் இடைத்தரகரிடமா ஒருவன் உயிரை ஒப்படைப்பான்? வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் யோவான் ஒரு தூதனின் பாதத்தில் விழுகிறான், தூதன் பதறிப்போய் "இப்படிச் செய்யாதே, தேவனைத் தொழுதுகொள்" என்கிறான். அதே புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில் சிங்காசனத்தில் இருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும் சேர்த்தே சிருஷ்டிகள் யாவும் துதி செலுத்துகின்றன, அங்கே யாரும் தடுக்கவில்லை. படைத்தவரையும் படைக்கப்பட்டதையும் பிரிக்கிற கோடு அந்தப் புத்தகத்தில் அத்தனை அழுத்தமாக இருக்கிறது, ஆட்டுக்குட்டி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீயே பார்.

அப்படியானால் மூன்று கடவுள்தானே என்பாய். இதுவும் பழைய கேள்விதான், முன்னால் சொன்ன இரண்டு கிரகோரிகளில் ஒருவரான நீஸாவின் கிரகோரியிடம் கேட்டார்கள். மூன்று மனிதர்களுக்கும் மனிதத்தன்மை ஒன்றுதான், ஆனால் மூன்று பேர் என்கிறோம், இங்கே மட்டும் ஏன் ஒருவர்? அவர் சொன்ன பதிலின் சாரம், மூன்று மனிதர்கள் ஒரே வேலையைச் செய்தாலும் ஆளுக்கொரு வேலையாகத்தான் செய்கிறார்கள், பிதா குமாரன் ஆவி விஷயத்தில் செயல் ஒன்றே, பிதாவிடம் தொடங்கி குமாரன் வழியாக ஆவியில் நிறைவேறுகிற ஒரே செயல். எல்லோருக்கும் இது திருப்தி தந்ததில்லை. எனக்கு முக்கால்வாசி திருப்தி. இதே கிரகோரி தன் காலத்து கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றிக் கிண்டலாகச் சொல்லியிருக்கிறார்: சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறார்கள், ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்கிறார்கள். உங்கள் குழுவைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

உன் நண்பரிடம் ஒன்று மட்டும் கேள், ஜெயிக்கிறதற்காகக் கேட்காதே. எபிரெயர் 1:10-ஐ எடுத்து வை, "கர்த்தாவே, நீர் ஆதியிலே பூமியை அஸ்திபாரப்படுத்தினீர்" என்பது. சங்கீதம் 102-இல் அது கடவுளைப் பார்த்துச் சொன்னது, எபிரெயரில் குமாரனைப் பார்த்துச் சொன்னதாக இருக்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்று அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுது, உன் விளக்கத்தைப் பிறகு தனியாக எழுது. அவர் பதில் எனக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை, குறைக்காமல் அனுப்பு. பிதாவை இயேசு "ஒன்றான மெய்த்தேவன்" என்கிற யோவான் 17:3-ஐ நீ இன்னும் எடுக்கவில்லை, அதை அவர் வைத்திருப்பார், அதைப் போனில் பேசலாம். மாமாவுக்கு இப்போதைக்குப் பதில் போடாதே.

அன்புடன்,
அம்மா