காப்பி கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போ

பெர்லின், ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடுகிறது.

சீனியை நிறுத்தினால் புற்றுநோய்க் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெரியம்மாவுக்குச் சோற்றையும் குறைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். பாதிதான் உண்மை. புற்றுநோய்ச் செல்லின் சர்க்கரைப் பசியை 1920களில் கண்டு சொன்ன விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இந்த ஊரில் வேலை பார்த்தவர்தான். ஒரு குளுக்கோஸை முழுக்க எரித்தால் செல்லுக்கு ஏடிபி என்கிற சக்தி மூலக்கூறு ஏறக்குறைய 30 கிடைக்கும். அரைகுறையாக உடைத்தால் 2தான். காற்று இருந்தும் அந்தச் செல் பெரும்பாலும் அரைகுறையாகவே உடைக்கிறது. அதனால் எவ்வளவு அள்ளினாலும் போதாது.

சர்க்கரை செல்லுக்குள் தானாக நுழையாது. குளூட் என்கிற புரத வாசல் வேண்டும். அதில் 14 வகை. தசையில் இருக்கும் குளூட்-4 பெரும்பாலும் இன்சுலின் வந்தால்தான் முன்னுக்கு வரும். குளூட்-1க்கு யார் உத்தரவும் வேண்டாம். பல கட்டிகள் இதைத்தான் அளவுக்கு மீறி வைத்துக்கொள்கின்றன. உள்ளே காற்று குறையக் குறைய இன்னும் கூட்டும். வாயைக் கட்டினாலும் ஈரல் சர்க்கரை செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அளவே குளூட்-1க்குப் போதும். பெரியம்மா மெலிவதுதான் மிச்சம். முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடு.

அடுத்த வாரம் எடுக்கப்போகிற பெட் ஸ்கேனுக்கும் இதே வாசல்தான். ஊசியில் போடும் எஃப்டிஜி என்ற கதிர்வீசும் மருந்து சர்க்கரை வேஷம் போட்டு உள்ளே போகும். செல் அதற்கு ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அதற்கு மேல் உடைக்க முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு ஸ்கேன் படத்தில் ஒளிரும். அதனால்தான் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். "சீனி போடாத காப்பிதானே" என்று அரை டம்ளர் கொடுத்துவிடாதே, பாலிலும் சர்க்கரை உண்டு. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி குளூட்-4 வாசல்கள் திறக்கும். மருந்தைத் தசை தின்றுவிடும், கட்டி மங்கலாகத் தெரியும். கடைசி நேரத்தில் இன்சுலின் ஊசி போட்டாலும் இதே கதைதான். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு நாள் கொடுப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை வியாதி மாத்திரை குடலை ஒளிரவைக்கும். நீயாக நிறுத்தாதே, ஸ்கேன் டாக்டரைக் கேள்.

எஃப்டிஜியின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் தாமதிக்காமல் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடு. அந்த எஃப்டிஜி ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை ஒளிரும், வெற்றிலை மென்றால் தாடை. இங்கே இருப்பவர்கள் பேசச் சொன்னாலும் பேசமாட்டார்கள், நம் பெரியம்மாவை நினைத்தால்தான் பயம்! போர்வையும் எடுத்துப் போ. குளிரில் கழுத்துப் பக்கக் கொழுப்பு சர்க்கரையை இழுத்து, நெறிகட்டி மாதிரி ஏமாற்றும். இங்கே குளிர்காலத்தில் அதற்காகவே முன்கூட்டிக் கம்பளி போர்த்துகிறார்கள். மதுரையில் அந்தக் குளிரை ஏசி கொண்டுவந்துவிடும்.

மூளையும் மூத்திரப்பையும் எல்லோருக்கும் ஒளிரும், படத்தைப் பார்த்துப் பதறாதே. டிபி புண்ணும் ஒளிரும். சந்தேகம் இருந்தால் சதை எடுத்துத்தான் பார்ப்பார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் கொடு. மருந்தின் கதிர் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ராத்திரி வரை குட்டிப்பயலைப் பெரியம்மா மடியில் விடாதே.

அன்புடன்,
தம்பி