பெயர் தெரியாத பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் நகரத்து மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள் என்று வருத்தப்பட்டு அண்மையில் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கவலை நியாயமானதுதான். ஆனால் 22 ஆண்டுகளாக ஒரே தெருவில், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் வசிக்கும் எனக்கு அந்தக் கட்டுரையில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. எதிர் வீட்டு மாடியில் இருக்கும் பெரியவரின் பெயர் எனக்கும் தெரியாது. ஆனால் காலை ஆறேகாலுக்கு அவர் ஜன்னலைத் திறப்பார் என்பதும், இடப்பக்கக் கதவின் கொக்கி மாட்டாததால் அதற்கு ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுப்பார் என்பதும், நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார் என்பதும் தெரியும். என்னைப் பற்றி அவருக்கும் ஏறத்தாழ இவ்வளவு தெரிந்திருக்கும். நகரத்து அக்கம்பக்கத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று யாராவது கேட்டால், இந்தப் பெயர் தெரியாத பழக்கத்தைத்தான் முதலில் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஜன்னல் மூன்று நாள் திறக்கவில்லை. முதல் நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் அடிக்கடி அந்தப் பக்கம் கண் போனது. மூன்றாம் நாள் மாலை மருந்துக் கடைக்குப் போனபோது, நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரர், "உங்கள் எதிர்மாடிக்காரர் ஊரில் இல்லையா? மாத்திரை வாங்கிப்போக வேண்டிய நாள் தாண்டிவிட்டதே" என்றார். மருந்துச் சீட்டில் பெயரைப் பார்த்திருப்பார். இருந்தும் அவர் வாயில் எதிர்மாடிக்காரர் என்றுதான் வந்தது. இருவரும் கடை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் செருப்பு தைப்பவர் அதைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் பெரியவர் ஒரு பையோடு வாடகைக் காரில் ஏறியதைத் தாம் பார்த்ததாகவும், கார் கதவைச் சாத்தியது ஓர் இளம்பெண் என்றும், அது அவர் மகளாக இருக்கும் என்றும் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மறுவாரம் பெரியவர் என்னைத் தெருவில் நிறுத்தி, "என்னைத் தேடினீர்களாமே" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. சந்தோஷத்தை மறைக்கப் பார்த்து முடியாமல் போனதும் இருந்தது. அப்போதும் நாங்கள் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு, 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தைத் தாக்கிய வெப்ப அலையை நினைவூட்ட விரும்புகிறேன். வழக்கத்தைவிடக் கூடுதலாக 700-க்கும் மேற்பட்டவர்கள் அந்த நாள்களில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார். இரண்டிலும் வறுமை இருந்தது, தனித்து வாழும் முதியவர்களும் இருந்தார்கள். ஆனால் நார்த் லான்டேல் பகுதியில் இறப்பு ஒரு லட்சம் பேருக்கு 40. அதை ஒட்டியிருந்த சவுத் லான்டேலில் நான்குக்கும் குறைவு. ஒன்றில் கடைகள் மூடப்பட்டு, மனைகள் காலியாகக் கிடந்து, வெளியே போகவே முதியவர்கள் அஞ்சினார்கள்; மற்றதில் கடைத்தெருவும் ஆள்நடமாட்டமும் அவர்களைத் தினமும் வீட்டை விட்டு வெளியே இழுத்தன என்பது அவர் விளக்கம். உயிருக்குத் துணையாக நின்றதில் நெருங்கிய உறவுக்கு மட்டுமல்லாமல், திறந்திருந்த கடைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

நகரங்களைப் பற்றி எழுதியவர்களில் ஜேன் ஜேக்கப்ஸ் இதைத் தெளிவாகப் பிடித்தவர். நகரமைப்பில் பட்டம் எதுவும் பெறாதவர். நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்துகொண்டு, தம் வீட்டு வாசலில் நடப்பதைப் பார்த்தே 1961-இல் எழுதினார். தெருவின் பாதுகாப்பைக் காவலர்கள் மட்டும் தருவதில்லை, ஜன்னலிலும் கடை வாசலிலும் இருக்கும் கண்கள்தாம் தருகின்றன என்ற அவர் கருத்தைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தபடி அவர் சொன்னது. அவர் தெருவில் இருந்தவர்கள், விருந்தினர் வரும் நாளில் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவைப்பார்களாம். கடைக்காரர் சாவியை வாங்கிவைப்பார்; வருகிறவர் யார், எத்தனை நாள் தங்குவார் என்று கேட்க மாட்டார். கேட்காதவர் என்பதால்தான் சாவி அவரிடம் போனது. நம்பிக்கையும் தலையிடாமையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது நல்ல நகரத் தெருவின் குணம் என்று அவர் கண்டார்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த அன்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தேர்வில் தோற்றவன் தெருவில் தலை காட்ட முடியாது, வேலை போனவன் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே எனக்கு வேலை இல்லாமல் இருந்த ஏழு மாதங்களில், காலை பதினொரு மணிக்குத் தெருவில் நடப்பவன் எதற்காக நடக்கிறான் என்று செருப்பு தைப்பவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. வழக்கம்போலத் தலையை அசைத்தார், அவ்வளவுதான். அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரிய மரியாதை என்பது வேலை இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு எனக்கு வேலை கிடைத்ததும் நண்பர்கள் மூலமாக அல்ல. பூங்காவில் காலை நடையின்போது எதிரே வரும் ஒருவர், தம் அலுவலகத்தில் கணக்கு தெரிந்த ஆள் தேடுவதாகப் போகிற போக்கில் சொன்னதுதான். தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர்கள் எப்போதாவது சந்திப்பவர்களே என்று மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் காட்டியிருப்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். எட்ட நிற்பவரிடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்பது அவர் தரும் காரணம்.

இப்படிப்பட்ட பழக்கம் நடந்து போகிறவர்களுக்குத்தான் வாய்க்கும். என் வீட்டிலிருந்து மருந்துக் கடை மூன்று நிமிடம், பூங்கா ஐந்து, கிளை நூலகம் எட்டு. நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது சாதாரண நடை. பத்து நிமிடத்தில் 800 மீட்டர் போய்விடலாம். ஒருவருடைய அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி அந்த 800 மீட்டருக்குள் அடங்கிவிட்டால், எதையும் திட்டமிட வேண்டிய அவசியமே இருக்காது. சென்ற வாரம் நூலகத்தில் குடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்தேன், மூக்குக்கண்ணாடியை அங்கே வைத்துவிட்டு வந்தேன், மறுபடியும் போனேன். மறதிக்காரனுக்கு நகரத்து அக்கம்பக்கத்தைப் போல இரக்கமுள்ள இடம் வேறு இல்லை. மூன்றாவது முறை போனபோது நூலகர் எதுவும் பேசாமல் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

நடை தூரத்தை அளவுகோலாக வைத்துக் குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்பது புதிய எண்ணமும் இல்லை. 1929-இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காகக் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்க நகரத் திட்டமிடுநர் எழுதியபோது, நடுவில் பள்ளி, அதைச் சுற்றிக் கால் மைல் தொலைவுக்குள் வீடுகள், பெரிய சாலைகள் எல்லையோடு சரி என்று வரைந்தார். குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அன்றாடத் தேவைகளெல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் எட்ட வேண்டும் என்று, இன்று பதினைந்து நிமிட நகரம் என்ற பெயரில் பேசப்படுவதும் கிட்டத்தட்ட அதே நினைப்பின் தொடர்ச்சிதான்.

குறைகள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. மேல்தளத்து இளைஞர் இரவு பத்து மணிக்குத்தான் நாற்காலிகளை இழுத்து இடம் மாற்றுவார். வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஆண்டுக்கு ஒரு சண்டையாவது நடக்கும். மழை நாளில் சாக்கடை பொங்கும். ஆனால் விடியற்காலையில் முதல் கடையின் ஷட்டர் மேலே போகும் ஓசையும், பள்ளி விடும் நேரத்தில் தெரு முழுக்க எழும் இரைச்சலும், மின்தடையின்போது எல்லா பால்கனிகளிலும் ஒரே நேரத்தில் ஆள்கள் வந்து நிற்பதும் எனக்கு வேண்டியிருக்கின்றன. இவற்றையெல்லாம் எண்ணிக் கணக்குத் தீர்த்துத்தான் இங்கே இருக்கிறேன்.

எழுதத் தூண்டிய செய்திக்கு இப்போது வருகிறேன். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன் அருகிலுள்ள பிரதான சாலையில் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. போக்குவரத்து முழுவதும் எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. எட்டு மாதத்தில் வேலை முடிந்து சாலையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் குறுக்கு வழி கண்டுகொண்ட வண்டிகள் குறையவே இல்லை. திருப்பத்தில் வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று, வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சையும் இதற்கிடையில் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அந்த பெஞ்சில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருந்த நான்கைந்து முதியவர்கள் இப்போது எங்கே உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். எதிர்மாடிப் பெரியவர் புகைக்கும் ஒலிப்பானுக்கும் பயந்து ஜன்னலை ஏழு மணிக்கே சாத்திவிடுகிறார். மரத்துண்டு வெளிக்கட்டையில் கிடக்கிறது.

இதே மாற்றத்தை டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் எண்களில் காட்டியிருக்கிறார். ஒன்றைப்போல் இருந்த மூன்று தெருக்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்களும் ஆறு தெரிந்தவர்களும் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் நண்பர் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை, 0.9. தெரிந்தவர்கள் மூன்று பேர். எது உங்கள் இடம் என்று வரைந்து காட்டச் சொன்னபோது, முதல் தெருவினர் தெரு முழுவதையும் சேர்த்து வரைந்தார்கள், மூன்றாம் தெருவினர் தங்கள் கட்டடத்தோடு கோட்டை முடித்துக்கொண்டார்கள். 1972-இல் வெளியான இந்த ஆய்வைச் செய்த ஆப்பிள்யார்ட், பத்தாண்டுக்குப் பின் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார். படித்ததிலிருந்து இந்தத் தகவல் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே, நகரத்து மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாமல் போவதற்கு அவர்களுடைய மனத்தைக் காரணம் காட்டுபவர்கள், முதலில் அந்தத் தெருவில் உட்கார இடம் இருக்கிறதா, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எங்கள் தெருவுக்கு நாங்கள் கேட்பது மூன்று. குறுக்கு வழியாகப் புகும் வண்டிகளை ஒரு முனையில் தடுக்க வேண்டும், திருப்பத்தில் வேகத்தடை வேண்டும், பெஞ்சு பழைய இடத்துக்கே வர வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலை எதுவும் இதில் இல்லை.

இதற்காக ஒரு மனு எழுதி, சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனேன். 64 பேர் கையெழுத்திட்டார்கள். மருந்துக் கடைக்காரரின் பெயரும், செருப்பு தைப்பவரின் பெயரும், நாற்காலி இழுக்கும் இளைஞரின் பெயரும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தன. கடைசியாக எதிர்மாடிக்குப் போனேன். பெரியவர் மனுவை, தம் வழக்கப்படி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார், பெஞ்சு என்பதை இருக்கை என்று திருத்தினார், பிறகு கையெழுத்திட்டார். கீழே இறங்கி வந்து பார்த்தேன். ஒரு நீண்ட கோடும் இரண்டு சுழியுமாக இருந்தது, ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. மறுபடி மேலே ஏறிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்